காட்டுயிர்ப் படம் எடுக்கக் குளத்தங்கரை போதும்

கேள்வி இது: நிலக்காட்சியும் காட்டுயிரும் படம் எடுப்பவர்களின் அன்றாடம் எப்படிப் போகும்? அலுவலக வேலையை வைத்துக்கொண்டு இதில் இறங்க முடியுமா? புலியும் யானையும் உலவும் காடு பக்கத்தில் இல்லை, கையில் ஒரு 70–300 மி.மீ. ஜூம் லென்ஸ் மட்டும் இருக்கிறது. அடுத்து என்ன வாங்கலாம்?

லென்ஸுக்குப் பிறகு வருகிறேன். முதலில் காட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

காடு பக்கத்தில் இல்லாதது ஒரு குறையே இல்லை. நான் இருப்பது பாளையங்கோட்டையில். மேற்கே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் இருக்கிறது; வாய்ப்புக் கிடைக்கும்போது போவேன். ஆனாலும் நான் எடுத்ததில் எனக்குத் திருப்தி தந்த படங்களில் பெரும்பாலானவை வண்டியில் அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் பாசனக் குளங்களில் கிடைத்தவை. வேலைக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு நடை போய்விட்டு வரலாம். இன்று ஒன்றும் அமையவில்லை என்றால் நாளைக்குப் போகலாம். சஃபாரி ஜீப்பில் அது நடக்காது. அங்கே நேரம் அவர்கள் குறித்தது, பாதை அவர்கள் போட்டது, வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்தாலும் ஜீப் நிற்கும் இடத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். காசு கட்டிப் போனோமே என்ற எண்ணம் வேறு உள்ளே இருந்து அவசரப்படுத்தும். அந்த அவசரம் படத்தில் அப்படியே தெரியும்.

ஒரே குளத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறவருக்கு வேறொன்று கிடைக்கிறது. மார்கழியில் சூரியன் தென்கிழக்கே தள்ளி எழும், ஆனியில் வடகிழக்கே. ஆகவே மார்கழிக் காலையில் முதுகுக்குப் பின்னால் வெயிலை வைத்துக்கொள்ள எந்தக் கரையில் நிற்க வேண்டுமோ, ஆனியில் அது வேறு கரை. நம் ஊர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் சூரியன் சாய்ந்து ஏறாமல் கிட்டத்தட்ட செங்குத்தாக மேலே போய்விடும். ஐரோப்பாவில் மணிக்கணக்கில் நீளும் பொன்வெயில் நமக்கு வெகு சீக்கிரம் முடிந்துவிடுகிறது. எங்கே நிற்பது என்று குளத்துக்குப் போய் யோசிப்பவருக்கு அந்த நேரம் போதாது. முந்தைய நாளே தெரிந்திருக்க வேண்டும்.

இதைவிட முக்கியமானது தண்ணீர் மட்டம். நீர்ப்பறவைப் படம் என்பது முக்கால்வாசி தண்ணீர் மட்டத்தைப் படிக்கும் வேலைதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் நிரம்பி மறுகால் பாயும்போது பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பறவை குறைவு. ஆழத்தில் மிதக்கும் நாமக்கோழி, முக்குளிப்பான், நீர்க்காகம், கூழைக்கடா இருக்கும். நடந்து மேயும் பறவைகளுக்குக் கால் ஊன்ற இடம் இருக்காது. பிசான நெல்லுக்கு மடை திறந்து தண்ணீர் இறங்க இறங்க, கரையோரம் சேறு வெளியே தெரியத் தொடங்கும். அப்போது முதலில் வருவது உள்ளான்கள். இன்னும் வற்றி முழங்கால் ஆழத்துக்கு வந்ததும் நாரைகளும் கரண்டிவாயன்களும் இறங்கும். பங்குனி, சித்திரையில் நடுப்பள்ளத்தில் மட்டும் தண்ணீர் தேங்கி, மீனெல்லாம் அங்கே ஒதுங்கும்போது சுற்றுவட்டாரத்துப் பறவைகள் அத்தனையும் அந்த ஒரு பள்ளத்தில் நிற்கும். ஆற்றுக் கால்வாய் வரும் குளத்துக்கு ஒரு கணக்கு, மழையை மட்டும் நம்பிய மானாவாரிக் குளத்துக்கு வேறொரு கணக்கு. மேற்கு மலையில் தென்மேற்குப் பருவமழை பெய்து அணை திறந்தால், முன்னது ஆனி, ஆடியில் மறுபடி நிரம்பும். பின்னது புரட்டாசி வரை வெடித்துக் கிடக்கும்.

இதையெல்லாம் எந்தப் பறவை நூலிலும் நான் படிக்கவில்லை. மடை திறக்கும் பெரியவரிடம் கேட்டால் போதும். "அண்ணாச்சி, தண்ணி எதுவரை நிக்கும்?" என்று கேட்டால், "மேல மடை பங்குனிக்குள்ள காஞ்சிரும் தம்பி, கீழ மடைப் பள்ளத்துல சித்திரை கடேசி வர கெடக்கும். மீன் குத்தகைக்காரன் வலை போட்டுட்டாம்னா அப்புறம் ஒரு கொக்கு நிக்காது" என்பார். ஒரு பருவத்துக்கான திட்டம் அந்த ஒரு பதிலில் இருக்கிறது. ஆட்டுக்கிடை போடுகிறவர்கள், புல் அறுக்க வருகிற அக்காமார், தூண்டில் போடுகிற பையன்கள் எல்லோரிடமும் பேசுங்கள். நேற்று எது எங்கே நின்றது என்று அவர்களுக்குத் தெரியும். கழுத்தில் பெரிய லென்ஸைத் தொங்கவிட்டுக்கொண்டு அவர்களைப் பார்க்காததுபோல் கடந்து போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அது மரியாதையாகப் படவில்லை.

அடுத்தது விலங்கை அறிவது. மஞ்சள் மூக்கு நாரையை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் செங்கால் நாரை என்றும் சொல்வார்கள். அது மீனைக் கண்ணால் பார்த்துப் பிடிப்பதில்லை. கலங்கிய தண்ணீரில் அலகைக் கொஞ்சம் திறந்து உள்ளே விட்டு, தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே மெல்ல நடக்கும். ஒரு காலால் சேற்றைக் கிளறும். சில சமயம் ஒரு பக்கத்து இறக்கையை விரித்து மூடும். அந்தச் சலனத்தில் மிரண்டு நகரும் மீன் அலகில் பட்டதும் அலகு மூடிக்கொள்ளும். இந்த வரிசை தெரிந்தவருக்கு விரலைப் பட்டனில் எப்போது வைக்க வேண்டும் என்பது தெரியும். தலையாட்டல் சட்டென்று நின்றால் அலகுக்குள் ஏதோ இருக்கிறது. தலை மேலே வரும், மீன் குறுக்காக இருக்கும், ஒரு உதறலில் அதைத் திருப்பித் தலைப்பக்கமாக விழுங்கும். படம் அந்த உதறலில்தான் இருக்கிறது. நொடிக்கு முப்பது படம் எடுக்கும் கேமரா வைத்திருந்தும், பறவை நிற்கும்போதெல்லாம் அழுத்திவிட்டு இந்த நேரத்தில் கேமராவின் நினைவகம் நிரம்பித் திணறுவதைப் பலரிடம் காணலாம்.

தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாட்டு வெளிமானும் இப்படித்தான். 1987-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்தக் குன்றுப் பகுதியில் ஆண் மான்கள் தங்கள் எல்லைக்குள் குறிப்பிட்ட இடங்களில் திரும்பத் திரும்பப் புழுக்கை போட்டு எல்லை குறிக்கும். அந்தக் குவியல் எங்கே என்று தெரிந்தால் மானைத் துரத்த வேண்டாம், அதுவே வரும். சரணாலயத்துக்குள் படம் எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 28-ஆம் பிரிவு. ட்ரோனை அனுமதியில்லாமல் பறக்கவிடக் கூடாது. அதைக் கண்டு கூட்டம் கூட்டமாகப் பறவைகள் எழும்புவதை ஒருமுறை பார்த்தாலே போதும், சட்டம் சொல்ல வேண்டியதில்லை.

இனி தூரம். இந்தத் துறையில் நான் தினமும் யோசிக்கும் விஷயம் இதுதான், மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு மனசுக்கு நெருக்கமானதும் இதுதான். எவ்வளவு பக்கத்தில் போகலாம்? மீட்டரில் பதில் கிடையாது. பறவையே சொல்லும். குளத்தங்கரையில் முதலில் வாய் திறப்பது ஆள்காட்டிக் குருவி. அது தலைக்கு மேலே கத்திக்கொண்டு வட்டமடித்தால், அதன் முட்டையோ குஞ்சோ நம் காலடியில் எங்கோ கிடக்கிறது என்று பொருள். பின்வாங்கி வேறு வழி போக வேண்டும். தண்ணீரில் நிற்கும் பறவை மேய்வதை நிறுத்தித் தலையை நிமிர்த்தினால் அது முதல் எச்சரிக்கை. கோதுவதை நிறுத்தி, உடம்பை ஒடுக்கி, நமக்கு முதுகு காட்டி நடக்கத் தொடங்கினால் அது இரண்டாவது. அதற்கு மேல் போனால் பறந்துவிடும். மங்கோலியாவிலிருந்தோ திபெத்திலிருந்தோ இமயத்தைத் தாண்டி வந்து கரையில் இளைப்பாறும் வரித்தலை வாத்தை ஒரு படத்துக்காக எழுப்பிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் பறந்தது பதிவாகியிருக்கும் பறவை அது. மெல்லிய காற்றிலிருந்தும் ஆக்சிஜனை இறுகப் பற்றிக்கொள்ளும் ரத்தம் அதற்கு. அவ்வளவு தூரம் வந்தது இங்கே மேய்ந்து உடம்பைத் தேற்றிக்கொள்ளத்தான்.

முதல் எச்சரிக்கையிலேயே நின்றுவிடுங்கள். நிற்பதைவிட உட்காருவது நல்லது, உட்காருவதைவிடப் படுப்பது. நேராக அதை நோக்கி நடக்காமல் குறுக்கே சாய்வாக நடங்கள், உற்றுப் பார்க்காதீர்கள். புல் அறுக்கும் பெண்ணைப் பொருட்படுத்தாமல் இருபதடிக்கு அப்பால் மேயும் கொக்கு, முக்காலியோடு நிமிர்ந்து நிற்கும் மனிதனைக் கண்டால் வெகு தூரத்திலேயே நகர்ந்துவிடும். மனிதர்கள் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால், அந்தப் பழக்கத்தின் பலன் நமக்கும் கிடைக்கும். கார் இருந்தால் இன்னும் நல்லது. பறவைகள் காரை ஆளாகப் பார்ப்பதில்லை. ஜன்னலில் வைக்க ஒரு துணிப்பையில் கேழ்வரகை நிரப்பித் தைத்துக்கொண்டால் லென்ஸ் ஆடாமல் உட்காரும். எஞ்சினை அணைத்துவிட வேண்டும், அதன் அதிர்வு படத்தில் தெரியும்.

கூடு விஷயத்தில் நான் கண்டிப்பானவன். கூட்டுக்குப் பக்கத்தில் போய்ப் படம் எடுக்காதீர்கள். தாய்ப்பறவை எழுந்து போன சில நிமிடங்களில் காக்கை முட்டையைத் தூக்கிவிடும். இல்லையென்றால் வெயில் குஞ்சை வாட்டிவிடும். படம் தெளிவாக வருவதற்காக மறைக்கும் கிளையை ஒடித்துவிட்டுப் போகிறவர்கள் பருந்துக்கும் வழி திறந்துவிட்டுப் போகிறார்கள். நம் நாட்டில் நடக்கும் போட்டிகள் பலவற்றில் இப்போது கூட்டுப் படங்களை ஏற்பதில்லை, நல்லது. இதற்கு ஒரு விதிவிலக்கு கூந்தன்குளம் போன்ற ஊர்கள். நாங்குநேரி வட்டத்தில் இருக்கும் அந்தக் கிராமம் 1994-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் அது சேர்ந்ததாக 2022-ல் அறிவிப்பு வந்தது. ஆனால் அறிவிப்புக்கு வெகு காலம் முன்பிருந்தே நாரைகளும் கூழைக்கடாக்களும் அங்கே வீட்டுக் கொல்லை மரங்களில் கூடு கட்டுகின்றன. எச்சம் கலந்த குளத்து வண்டலை வயலுக்கு எடுத்துப் போடுவார்கள். பறவை வந்தால் ஊருக்கு நல்லது என்று நம்புகிறவர்கள். தெருவில் நின்றபடியே கூட்டைப் பார்க்கலாம், பறவைக்கும் அது பழகிப்போனது. மாசி, பங்குனி நடுப்பகலில் அங்கே போனால் ஒரு காட்சி கிடைக்கும். வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தாய் நாரை இறக்கைகளை விரித்துக் குடைபோல நிற்கும், நிழலில் குஞ்சுகள் வாய் பிளந்து கிடக்கும். சில நேரம் தொண்டையில் கொண்டுவந்த தண்ணீரைக் குஞ்சுகளின் மேல் ஒழுகவிடும். உச்சி வெயிலில் படம் எடுக்கக் கூடாது என்று பாடம் சொல்வார்கள். இந்தப் படத்தை உச்சி வெயிலில் மட்டும்தான் எடுக்க முடியும்.

குரலைப் போட்டு வரவழைப்பதையும் விட்டுவிடுங்கள். ஆறுமணிக் குருவி ஐப்பசி வாக்கில் வடக்கேயிருந்து வந்து இறங்கும்போது களைத்துப்போய் வீட்டு முற்றத்தில் விழுந்து கிடப்பதுண்டு. விடியலிலும் அந்தியிலும் ஆறு மணிக்குச் சரியாகக் கூப்பிடுவதால் வந்த பெயர். அதற்குப் போனில் அதன் குரலையே போட்டுக் காட்டினால், இன்னொன்று தன் இடத்துக்கு வந்துவிட்டது என்று இரை தேடுவதை விட்டுச் சண்டைக்கு வரும். நமக்குப் படம் கிடைத்துவிடும். அதற்குப் பிறகு வருகிறவரும் அதையே செய்வார், அதற்குப் பிறகு இன்னொருவர்.

தொழில்நுட்பத்தில் இரண்டு விஷயம் மட்டும், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி நிற்கிறார்கள். ஒன்று வெள்ளைப் பறவை. கேமராவின் ஒளிமானி எதைக் கண்டாலும் சராசரிச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். இருண்ட தண்ணீர்ப் பின்னணியில் சிறிய கொக்கு நின்றால், தண்ணீரைப் பிரகாசமாக்கப் போய்க் கொக்கின் இறகு விவரமெல்லாம் வெறும் வெள்ளையாகக் கரைந்துவிடும். அங்கே ஒளியளவைக் குறைக்க வேண்டும். முக்கால் ஸ்டாப் (ஒளியளவைக் கூட்டிக் குறைக்கும் அலகு), சில நேரம் ஒன்றரை வரைகூட. அதே கொக்கு வெளிறிய வானத்தில் பறந்தால் கூட்ட வேண்டும். இருண்டுபோன படத்தில் கொஞ்சம் மீட்கலாம், வெளுத்துப்போன இறகை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது.

இரண்டாவது கானல். காலை ஒன்பது மணிக்குள் குளத்துச் சேறும் கரையும் சூடேறி, காற்று நெளியத் தொடங்கிவிடும். நூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் பறவையை எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸில் எடுத்தாலும் அப்போது விளிம்பு குழைந்துதான் வரும். லென்ஸ் சரியில்லை, ஃபோகஸ் சரியில்லை என்று கடைக்கு ஓடுகிறவர்கள் உண்டு. நடுவில் இருக்கும் சூடான காற்றுதான் காரணம், அதற்கு மருந்து கிட்டத்தில் இருப்பது, சீக்கிரம் வருவது, இரண்டுமே. நான் வெயில் ஏறியதும் தூரத்துப் பறவையை விட்டுவிட்டு மடைச் சுவரில் உட்காரும் தட்டான்பூச்சிகளுக்கோ, வரப்புத் தவளைக்கோ போய்விடுவேன்.

அதனால்தான் லென்ஸ் கேள்விக்கு என் பதில்: ஒரு நீராண்டு முழுக்க, அதாவது ஐப்பசியில் தொடங்கி அடுத்த புரட்டாசி வரை, இந்த 70–300-ஐ வைத்தே ஒரு குளத்தைப் பாருங்கள். என்ன எடுக்க ஆசைப்படுகிறோம், எது எட்டவில்லை என்பது அப்போதுதான் தெரியும். பறக்கும் பறவையா, தூரத்து வாத்தா, பூச்சியா என்பதைப் பொறுத்து வாங்க வேண்டிய லென்ஸ் மாறும். பறவைதான் என்று உறுதியானால் 100–400 அல்லது 150–600 வகையில், கைமாறிய நல்ல லென்ஸ் ஒன்றைப் பார்க்கலாம். வாங்கும்போது டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். மலைப்பக்கம் புழங்கிய லென்ஸ்களில் அது சகஜம். நம்முடைய லென்ஸுக்கு அது வராமலிருக்கக் காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும், ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்த வேண்டும். ஏசி அறையிலிருந்து விடியலில் நேராக வெளியே எடுத்தால் கண்ணாடி முழுக்க நீர் பூத்துவிடும். இரவே கேமராப் பையை ஏசி இல்லாத அறையில் வைத்துவிடுங்கள்.

நிலக்காட்சிக்கும் இதே லென்ஸ் எனக்குப் போதுமானதாக இருக்கிறது. அகலக் கோண லென்ஸ் வேண்டும் என்பார்கள். எங்கள் சமவெளியில் அகலமாக எடுத்தால் பொதிகை மலை அடிவானத்தில் ஒரு கோடாகச் சுருங்கிவிடும். 200, 300-ல் எடுக்கும்போதுதான் பனைவரிசைக்குப் பின்னால் மலை எழுந்து நிற்கும். ஆனியிலும் ஆடியிலும் மேற்குச் சரிவில் கொட்டித் தீர்த்த மேகம் முகட்டில் வழிந்து இந்தப் பக்கம் இறங்கிக் கரைந்துபோவதைச் சமவெளியின் வெயிலில் நின்றுகொண்டு பார்க்கலாம். ஆடிக்காற்றில் பனையோலைகள் எல்லாம் கிழக்கே வாரிவிட்டபடி இருக்கும். ஷட்டரைக் கால் நொடிக்கு இறக்கினால் காற்று படத்துக்குள் வந்துவிடும். முக்காலியை உயர்த்தாமல் தாழ வைத்து, பையை அதில் கட்டித் தொங்கவிட வேண்டும். அதே காற்றுதான் சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்துத் தேரியில் செம்மணலை அலையலையாக அடுக்குகிறது. மணல் துகளின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடின் சிவப்பு அது. காலைச் சாய்வெயிலில் ஒவ்வொரு அலைக்கும் நிழல் விழும், கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் வெறும் சிவப்புத் தரை.

ஆரல்வாய்மொழியிலிருந்து கயத்தாறு வரை எங்கே திரும்பினாலும் காற்றாலை நிற்கிறது. பலர் அதைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளப் பாடுபடுகிறார்கள், முடியாவிட்டால் மென்பொருளில் அழிக்கிறார்கள். நான் உள்ளே வைத்துத்தான் எடுக்கிறேன். மின்கம்பியும் அப்படியே. மின்கம்பியில் மோதிப் பறவைகள் சாகிற நாட்டில், கம்பியை அழித்துவிட்டுப் பறவையை மட்டும் காட்டுவது எனக்குச் சம்மதமில்லை. நிறத்தைச் சீர்செய்வது, ஓரத்தை வெட்டுவது வேறு. அங்கே இருந்ததை இல்லாமலும் இல்லாததை இருப்பதாகவும் காட்டுவது வேறு. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் உலகப் புகழ்பெற்ற போட்டியில் 2009-ஆம் ஆண்டு முதல் பரிசு பெற்ற படம், இரவில் வேலியைத் தாண்டிக் குதிக்கும் ஓநாய். அது பழக்கி வளர்த்த ஓநாயாகத்தான் இருக்க முடியும் என்ற முடிவுக்கு நடுவர்கள் வந்து பரிசைத் திரும்பப் பெற்றார்கள். 2017-ல் ஒரு பிரிவில் வென்ற எறும்புத்தின்னிப் படத்தில் இருந்தது பாடம் செய்யப்பட்ட விலங்கு என்று முடிவாகி, மறு ஆண்டு அதுவும் நீக்கப்பட்டது. இப்போது கணினியே ஓநாயை உருவாக்கித் தருகிறது. அதனால்தான், நான் அங்கே இருந்தேன், இது நடந்தது என்று சொல்லும் ஒரு படத்தின் மதிப்பு முன்பைவிடக் கூடியிருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த வார்த்தையைக் காப்பாற்ற வேண்டியது எடுப்பவர்தான்.

இந்த இடத்தில் காட்டுயிர்ப் படக்காரரும் எழுத்தாளருமான மா. கிருஷ்ணனைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1912-ல் திருநெல்வேலியில் பிறந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தார். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே அமைத்துக்கொண்ட கனத்த கருவியோடு காட்டு யானைகளையும் காட்டெருதுகளையும் நடந்தே போய் எடுத்தவர். 1970-ல் பத்மஸ்ரீ. 1950 முதல் 1996-ல் இறக்கும் வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். அதில் யானைக்குக் கிடைத்த அதே கவனம் அணிலுக்கும் ஆட்டுக்கும் தெருவோரக் காக்கைக்கும் கிடைத்தது. இன்று அவர் படங்களைப் பார்த்தால் சில மங்கலாக, சில புள்ளி புள்ளியாக இருக்கும். ஆனால் யானை என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது ஐயமில்லாமல் தெரியும். தலையை எப்படி வைத்திருக்கிறது, காது எந்தப் பக்கம், எதைப் பார்க்கிறது. நான் கணினியில் படங்களைத் தேர்ந்தெடுக்கும்போது அதைத்தான் அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். கூர்மையாக இருந்தும் ஒன்றும் சொல்லாத படத்தை அழிக்கிறேன், கொஞ்சம் கலங்கியிருந்தாலும் நடத்தை தெரியும் படத்தை வைத்துக்கொள்கிறேன்.

அன்றாடத்தில் பாதி நேரம் இந்த மேசை வேலைக்குப் போகிறது. ஒவ்வொரு கோப்பிலும் தேதி, குளத்தின் பெயர், தண்ணீர் எவ்வளவு இருந்தது, மடை திறந்திருந்ததா என்று இரண்டு வரி எழுதிவிடுவேன். சலிப்பான வேலைதான். ஆனால் சில வருடம் சேர்ந்த பிறகு, எந்த மாதம் எந்த மட்டத்தில் யார் வருவார்கள் என்று எனக்கே சொல்லும் ஏடு அது. தேவாங்கு, ஆந்தைக் கூடு, அழுங்கு எனும் செதில் எறும்புத்தின்னி போன்றவற்றைப் பகிரும்போது மட்டும் இடத்தை எழுத மாட்டேன், கோப்புக்குள் பதிவாகியிருக்கும் ஜி.பி.எஸ். விவரத்தையும் நீக்கிவிடுவேன். தேவாங்குக்கென்றே 2022-ல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அவ்வளவு பாதுகாப்பு தேவைப்படும் நிலையில் இருக்கும் விலங்கின் மரத்தை ஊருக்கெல்லாம் காட்டக் கூடாது.

மற்ற படங்களைப் பூட்டி வைக்காதீர்கள். தாமிரபரணிப் பகுதிக் குளங்களில் 2011 முதல் ஏட்ரீ (ATREE) என்ற சூழலியல் ஆய்வு அமைப்பின் அகத்தியமலை மையம் ஆண்டுதோறும் ஜனவரி வாக்கில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது, தன்னார்வலர்கள் சேரலாம். வனத்துறையின் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பு மற்ற மாவட்டங்களிலும் நடக்கிறது. அப்படிப்பட்ட காலைகளில் கேமரா வைத்திருப்பவர் உண்மையிலேயே தேவைப்படுகிறார். ஆயிரக்கணக்கில் எழும்பும் ஊசிவால் வாத்துக் கூட்டத்தைப் படம் எடுத்துவிட்டால் பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணலாம், தூரத்து உள்ளானின் இனத்தைப் பெரிதாக்கிப் பார்த்து முடிவு செய்யலாம். மங்கோலியாவில் கழுத்துப்பட்டை மாட்டப்பட்ட வரித்தலை வாத்துகள் தென்னிந்தியக் குளங்களில் பதிவாகியிருக்கின்றன. பட்டையில் இருக்கும் எழுத்தும் எண்ணும் படத்தில் படிக்கும்படி விழுந்தால், மாட்டியவர்களுக்கு அந்தப் பறவை எங்கே வந்து சேர்ந்தது என்பது தெரியும். அதற்கு 70–300 சில சமயம் எட்டாது; பக்கத்தில் ஸ்பாட்டிங் ஸ்கோப் (தூரத்துப் பறவையைப் பார்க்கும் தொலைநோக்கி) வைத்திருப்பவர் யாராவது இருப்பார், அதன் கண்ணாடியில் போனை வைத்து எடுத்தாலும் எண் தெரியும். அறிவிப்பு வந்ததும் பெயர் கொடுத்துவிடுங்கள். கணக்கெடுப்புக்கு முந்தைய வாரம் உங்கள் குளத்துக்கு ஒருமுறை போய்த் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது, கரையில் எந்த இடத்தில் நின்றால் காலை வெயில் முதுகில் விழும் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களோடு எண்ண வருகிறவர்களுக்கும் அது உதவும்.